டெங்கு என்ற பெயரும் குருதியின் சாட்சியும்

இந்தியாவில் டெங்குக் காய்ச்சலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1780-ஆம் ஆண்டுச் சென்னையிலிருந்து தொடங்குவர். அடுத்து 1824-இல் கல்கத்தா, பிறகு 1871–72-இல் துறைமுகங்கள் வழியே நாடெங்கும் பரவிய பெருங்காய்ச்சல் என்று வரிசை நீளும். பாடநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்ட இந்த வரிசையை ஐயத்தோடு நோக்கியவர் டொனால்ட் கேரி. 1960-களில் வேலூரில் வைரஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்த அமெரிக்க மருத்துவர் அவர். 1971-இல் மருத்துவ வரலாற்று இதழ் ஒன்றில் வெளியான அவரது கட்டுரை, பழைய ஆவணங்களில் டெங்கு என்று எழுதப்பட்ட கொள்ளைநோய்களுள் பல உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டது. அக்கால மருத்துவர்களின் குறிப்புகளில் மூட்டுவலியே முதன்மை பெறுகிறது. காய்ச்சல் விட்ட பிறகும் அவ்வலி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கிறது. டெங்கு அப்படி நடந்துகொள்ளும் நோயன்று.

பெயர்களின் பயணமும் இங்கே கவனிக்கத்தக்கது. டெங்கு என்னும் சொல்லின் வேரைச் சான்சிபார்க் கரையின் சுவாஹிலி மொழியில் தேடுவோர் உண்டு. அங்கே 'கி-டிங்கா பெப்போ' என்று வழங்கிய காய்ச்சலின் பெயர் கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், எசுப்பானியர் வாயில் டெங்கு ஆயிற்று என்பது ஒரு கருத்து. சிக்குன்குனியா என்னும் பெயரோ 1952–53-இல் தங்கனீக்காவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் பரவிய காய்ச்சலுக்கு அவ்வூர் மக்கள் தம் மொழியில் இட்டது. வலியால் உடல் வளைந்து மடங்குவதைக் குறிப்பது. கேரியின் வாதத்தை ஏற்றால், முதற்பெயர் முதலில் எந்த நோயைச் சுட்டியதோ அந்நோய் பிற்காலத்தில் இரண்டாம் பெயருக்கு உரியதாயிற்று. அது விட்டுச்சென்ற பழைய பெயரை வேறொரு நோய் எடுத்துக்கொண்டது. சொற்பொருள் மாற்றத்துக்கு இதைவிட விந்தையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இவ்வாறு ஐயுறும் உரிமை 1971-இல் ஒருவருக்கு எப்படிக் கிடைத்தது? இரு நோய்களையும் நோயாளியின் முகத்தைப் பார்த்து மட்டுமன்றி, அவரது குருதியைச் சோதித்தும் பிரித்தறியும் வழி அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில்தான் உருவாகியிருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது ஆசிய, பசிபிக் போர்முனைகளில் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தனர். 1943-இல் நாகசாகியில் கிமுராவும் ஹொத்தாவும் டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் சாபின், ஹவாய், நியூகினி, கல்கத்தா ஆகிய இடங்களில் நோயுற்ற அமெரிக்க வீரர்களின் குருதியிலிருந்து வைரஸைப் பெற்றார். ஒரே நோய் என்று கருதப்பட்டதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதை அவர் கண்டார். ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவரை அதே வகை மீண்டும் தாக்குவதில்லை. மற்றொரு வகையிலிருந்து கிடைக்கும் காப்போ இரண்டு மூன்று மாதங்களில் தேய்ந்துவிடும். 1956-இல் மணிலாவில் ஹாமன் மேலும் இரு வகைகளைக் காண, டெங்கு நான்கு என்ற கணக்கு நிலைபெற்றது. பின்னாளில் குருதிச் சோதனைகளைத் தொல்லைப்படுத்திய சிக்கல் அனைத்துக்கும் வித்து இந்த நான்கில் இருக்கிறது.

வைரஸ் நுழைந்ததும் உடல் உண்டாக்கும் புரதங்களை எதிர்ப்பொருள் என்கிறோம். அவை வைரஸ் மறைந்த பிறகும் குருதியில் தங்கும். எனவே குருதி, தான் கண்ட நோய்களின் நினைவேடு. ஆனால் அந்த ஏட்டில் தேதி எழுதப்படுவதில்லை. இன்று காணும் எதிர்ப்பொருள் இன்றைய காய்ச்சலுக்கு உரியதா, பத்தாண்டுக்கு முன் வந்துபோனதற்கு உரியதா என்று அதனிடமே கேட்டறிய முடியாது. டெங்குச் சோதனையின் வரலாற்றைத் தேதியில்லாத அந்த ஏட்டில் தேதியைத் தேடிய வரலாறு என்றே சொல்லலாம்.

1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறநிறுவனமும் இணைந்து புணேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. இந்திய மக்களிடையே எந்தெந்த வைரஸ்கள் உலவுகின்றன என்று அறிவது அதன் முதற்பணிகளுள் ஒன்று. ஸ்மித்பர்ன், கெர், காட்னே ஆகிய மூவரும் நாட்டின் பல பகுதி மக்களின் குருதிநீரைத் திரட்டிச் சோதித்தனர். முறை எளியது, ஆனால் கொடியது. குருதிநீரையும் வைரஸையும் கலந்து சுண்டெலியின் மூளைக்குள் செலுத்துவர். எலி பிழைத்தால் அக்குருதிநீரில் எதிர்ப்பொருள் உண்டு என்று பொருள், செத்தால் இல்லை. 1954-இல் வெளியான முடிவுகள் டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இந்நாட்டினருக்குப் புதியவையல்ல என்று காட்டின. சிலரது குருதி ஜிகா வைரஸையும் அடையாளம் கண்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016–17-இல் அகமதாபாத்தில் ஜிகா நோயாளிகள் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்டபோது, பழைய அறிக்கையை மீண்டும் புரட்டியவர்கள் தயங்கினர். டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அனைத்தும் ஃபிளேவிவைரஸ் என்னும் ஒரே குடும்பத்தவை. ஒன்றுக்காக உண்டான எதிர்ப்பொருள் அதன் உறவினரையும் பற்றிக்கொள்ளும். 1952-இன் குருதிநீர் கண்டது ஜிகாவையா, டெங்குவின் நிழலையா என்பதை அச்சோதனையைக் கொண்டு தீர்க்க இயலாது.

எலிக்குப் பதிலாகச் செவ்வணு வந்தது அடுத்த படி. இவ்வகை வைரஸ்கள் கூஸ் எனப்படும் பெருவாத்தின் செவ்வணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். எதிர்ப்பொருள் இருந்தால் அந்த ஒட்டுதல் தடைபடும். 1958-இல் கிளார்க்கும் கசால்ஸும் செம்மைப்படுத்திய இந்தச் சோதனை உலகெங்கும் பூச்சிவழி வைரஸ் ஆய்வின் அன்றாடக் கருவியாயிற்று. குருதிநீரை இரட்டித்து இரட்டித்து நீர்க்கச் செய்து குழிகளில் இடுவர். ஒட்டாத செவ்வணுக்கள் குழியின் அடியில் பொத்தான் போல் திரண்டு நிற்கும். ஒட்டியவை விரிப்பாகப் படரும். எந்த நீர்ப்பு வரை பொத்தான் தெரிகிறதோ அதுவே எதிர்ப்பொருளின் அளவு. பெருவாத்துகளை வளர்ப்பதும், அமிலத்தன்மையை மிகக் கவனமாகச் சரிசெய்வதும், குருதிநீரில் இயல்பாகவே இருக்கும் தடைப்பொருள்களை முன்கூட்டி நீக்குவதும் பயின்ற கையைக் கேட்கும் வேலைகள். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இரண்டு வரியில் முடிந்துபோவதால் இவ்வுழைப்பு வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

தேதிச் சிக்கலுக்கு இம்முறை கண்ட தீர்வு, இருமுறை குருதி எடுப்பது. காய்ச்சலின் தொடக்கத்தில் ஒன்று. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மற்றொன்று. இரண்டாவதில் அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் நோய் இப்போதையது. பழைய நினைவு ஏறாமல் நிற்கும், புதியது ஏறும். அறிவியலுக்கு இது போதும். நோயாளிக்கோ, விடை வரும்போது அவர் குணமடைந்து வேலைக்குத் திரும்பியிருப்பார் அல்லது இறந்திருப்பார். தேறியவர் இரண்டாம் முறை ஊசிக்குக் கைநீட்ட வருவதும் அரிது. எனவே இச்சோதனை கொள்ளைநோய் ஆய்வாளருக்குப் பயன்பட்ட அளவுக்குப் படுக்கையருகே நின்ற மருத்துவருக்குப் பயன்படவில்லை.

வேலூரில் நடந்த பணி இக்காலத்துக்கு உரியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகத்தில் மையர்ஸ், கேரி முதலானோர் 1950-களின் இறுதி தொட்டுக் காய்ச்சல் நோயாளிகளின் குருதியைத் தொடர்ந்து சோதித்துவந்தனர். 1963-இல் கல்கத்தாவில் குருதிக்கசிவுடன் கூடிய காய்ச்சல் வெடித்தபோது அங்கே டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒருசேர இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு சிக்குன்குனியா தென்னிந்தியாவுக்கு வந்தது. மையர்ஸ் குழுவினர் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே அதை 'டெங்குவைப் போன்ற காய்ச்சல்' என்றுதான் குறித்தது. ஒரு நோயாளியின் ஒரே குருதி மாதிரியிலிருந்து இரு வைரஸ்களையும் பிரித்தெடுத்த செய்தியை 1967-இல் அவர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். நோய்க்குறிகளைக் கொண்டு பெயரிடும் பழைய மருத்துவத்துக்கு அந்த ஒரு மனிதரின் உடலில் சரியான பெயரே கிடையாது. கேரி நூலகத்துக்குப் போய்ப் பழங்காலக் கொள்ளைநோய்களை மறுபடி படிக்கத் தூண்டியது இத்தகைய பட்டறிவே எனக் கொள்ளலாம்.

தேதியைப் படிக்கும் இரண்டாவது வழி எதிர்ப்பொருளின் வகையில் இருந்தது. நோய் புகுந்ததும் முதலில் தோன்றுவது ஐஜிஎம். சில மாதங்களில் மறையும். பின்னர் வந்து நெடுங்காலம் தங்குவது ஐஜிஜி. ஐஜிஎம்மை மட்டும் தனியே பிடிக்க முடிந்தால் ஒரே மாதிரியில் புதிய நோயை அறியலாம். 1971-இல் சுவீடனிலும் நெதர்லாந்திலும் தனித்தனியே உருவான எலைசா முறை இதற்கு வழிசெய்தது. பாங்காக்கில் இருந்த அமெரிக்க, தாய்லாந்துப் படை மருத்துவ ஆய்வகத்தின் இன்னிஸும் உடன்பணியாளர்களும், டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் கலந்து உலவும் இடங்களுக்கு ஏற்ற ஐஜிஎம்-பிடி எலைசாவை 1989-இல் வெளியிட்டனர். தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட ஞெகிழித் தட்டில் முதலில் ஐஜிஎம் பிடிக்கப்படும், அதன்மேல் டெங்கு வைரஸின் புரதம், அதன்மேல் நொதி ஏற்றிய எதிர்ப்பொருள், இறுதியில் நிறம். மேக்-எலைசா என்ற சுருக்கப் பெயரில் இன்று மாவட்ட மருத்துவமனை வரை அறிமுகமாகியிருப்பது இதுவே.

இந்திய அரசை விழிக்கச் செய்தது 1996-இன் தில்லி. டெங்கு இரண்டாம் வகை தலைநகரைத் தாக்கியது. 10,252 நோயாளிகளும் 423 இறப்புகளும் பதிவாயின. மருத்துவமனைகள் நிரம்பின, தட்டணுக்களுக்காக உறவினர்கள் குருதி வங்கிகளின் வாசலில் நின்றனர். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் புணே நிறுவனம் தானே தயாரித்த மேக்-எலைசாப் பெட்டிகளை அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறை வேரூன்றியது. 2007-இல் 110 மருத்துவமனைகள் கண்காணிப்பு மையங்களாயின. அவ்வெண்ணிக்கை பின்னர் பன்மடங்கு வளர்ந்தது.

ஆயினும் ஐஜிஎம் தனக்கென ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் தரும் கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்ந்தோரில் பாதிப்பேருக்கு மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள்ளும், 80 விழுக்காட்டினருக்கு ஐந்தாம் நாளிலும், 99 விழுக்காட்டினருக்குப் பத்தாம் நாளிலும் அது தென்படும். டெங்குவில் உயிருக்கு ஊறு நேரும் கட்டமோ காய்ச்சல் தணியும் வேளையில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே வருகிறது. குருதிக்குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்குவது அப்போதுதான். இரண்டாம் நாளே சோதித்துப் பார்த்து 'நெகட்டிவ்' என்ற தாளோடு வீடு திரும்பியவர், காய்ச்சலும் விட்டுவிட்டது என்று மகிழ்ந்திருக்கையில் அக்கட்டத்துக்குள் நுழைகிறார். தாளில் பொய் எதுவும் இல்லை. இன்னும் உருவாகாத எதிர்ப்பொருளை இல்லை என்றுதான் அது சொன்னது. அதை 'டெங்கு இல்லை' என்று படித்தது படித்தவரின் பிழை. எதிர்ப்பொருள் இன்மைக்கும் நோய் இன்மைக்கும் ஒரே சொல்லை வழங்கும் ஆய்வக மொழிக்கும் அப்பிழையில் பங்குண்டு.

இதனினும் கடுமையான முரண் ஒன்று உண்டு. முன்பு ஒரு வகை டெங்குவைக் கண்டவரை வேறொரு வகை தாக்கும்போது நோய் முற்றும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பாங்காக்கில் ஹால்ஸ்டெட் முதலானோர் 1960-களிலிருந்து காட்டிவந்தனர். அத்தகைய இரண்டாம் தாக்குதலில் உடல் பழைய நினைவை எழுப்பி ஐஜிஜியை விரைந்து பெருக்குகிறது. பெருவாத்துச் செவ்வணுச் சோதனையில் 1:2560-க்கும் மேல் போகும் அளவுகள் இவர்களுக்கே உரியவை. ஐஜிஎம்மோ அவர்களிடம் தாழ்ந்தே தோன்றும், சிலரிடம் தோன்றாமலே போகும். எவருக்குச் சோதனை மிகவும் தேவையோ அவரிடமே அது தடுமாறுகிறது.

முதல் ஐந்து நாட்களின் இடைவெளியை நிரப்ப வந்தது என்எஸ்1. இது எதிர்ப்பொருளைத் தேடாமல் வைரஸ் வெளியிடும் புரதத்தையே தேடுவது. 2010-இல் தேசியத் திட்டத்தில் இது சேர்ந்தது. ஐந்து நாள் வரை என்எஸ்1, அதன்பின் ஐஜிஎம் என்ற பங்கீடு அன்று முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டாம் தாக்குதலில் இதன் திறனும் குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே அட்டைச் சோதனைகள் கடைவீதிக்கு வந்துவிட்டன. ஒரு சொட்டுக் குருதி, இருபது நிமிடம், ஒன்றோ இரண்டோ கோடு. எலைசாத் தட்டை ஒரு மாதிரிக்காக ஓட்டுவது கட்டுப்படியாகாது. மாதிரிகள் சேரும் வரை காத்திருக்கும் ஆய்வகங்களே மிகுதி. காத்திருக்க முடியாதவர் அட்டையை நாடுவதில் வியப்பில்லை. 2015 பெருக்கத்தின்போது தில்லி அரசு டெங்குச் சோதனைக்கு 600 ரூபாய் என உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அரசின் கணக்கில் அட்டை உறுதிச்சான்று ஆகாது. எலைசா சொன்னால்தான் டெங்கு. தரம் பற்றிய கவலையில் பிறந்த இவ்விதி எண்ணிக்கையில் பெரும் பள்ளத்தை வெட்டியது. ஷெப்பர்டும் உடன் ஆய்வாளர்களும் மதுரை மாவட்டத் தரவுகளை அடிப்படையாக்கி 2014-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். 2006 முதல் 2012 வரை ஆண்டுக்குச் சராசரியாக 57.8 லட்சம் பேர் இந்தியாவில் மருத்துவரால் டெங்கு என்று கணிக்கப்படும் நோயுற்றனர் என்றது அது. அரசுப் பதிவைப்போல் 282 மடங்கு. மதிப்பீட்டை மறுத்தோர் உண்டு, மதிப்பீடுகள் மறுக்கத்தக்கவையே. ஆனால் பாதியாக, கால்வாசியாகக் குறைத்தாலும் பள்ளம் பள்ளமே. எலைசா எட்டாத ஊரில் காய்ச்சலில் இறந்தவர் மறுநாள் தமிழ் நாளிதழில் 'மர்மக் காய்ச்சலுக்குப் பலி' ஆகிறார். அந்த மர்மம் பெரும்பாலும் நோயினுடையது அன்று, சோதிக்கப்படாத குருதியினுடையது.

நெடுநாள் தொல்லையாக இருந்த ஐஜிஜி, தேதி சொல்லாத அந்தப் பழைய நினைவு, அண்மையில்தான் தனக்குரிய பயனைக் கண்டது. 2017-18-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களின் 60 மாவட்டங்களில் 5 முதல் 45 வயது வரையிலான 12,300 பேரின் குருதியைச் சோதித்தது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் முர்ஹேகர் முதலானோர் 2019-இல் வெளியிட்ட முடிவுப்படி, 48.7 விழுக்காட்டினர் டெங்குவை ஏற்கெனவே சந்தித்திருந்தனர். 5–8 வயதுச் சிறுவரில் 28.3, 9–17 வயதினரில் 41, 18–45 வயதினரில் 56.2. தென்னிந்தியாவில் எல்லா வயதினரும் சேர்ந்து 76.9.

இவ்வெண்களுக்கு உடனடித் தேவை ஒன்று இருந்தது. 2017 நவம்பரில், உலகின் முதல் டெங்குத் தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தது: முன்பு டெங்கு காணாத ஒருவருக்கு அவ்வூசி இடப்பட்டால், பின்னர் வரும் உண்மையான நோய் அவரிடம் கடுமையாகலாம். ஊசியே முதல் தாக்குதலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிலிப்பீன்ஸில் அதற்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிச் சிறார் அதைப் பெற்றிருந்தனர். உலக சுகாதார நிறுவனம் 2018-இல், முதலில் எதிர்ப்பொருளைச் சோதித்து, இருப்பவருக்கு மட்டும் ஊசி என்பதே விரும்பத்தக்க வழி என்றது. 'பாசிட்டிவ்' என்ற சொல் முதல்முறையாக நற்செய்தியாக ஒலித்த இடம் இது. முன்னர் நோயுற்றிருந்தவரே ஊசிக்குத் தகுதியானவர்.

நான்கு வகைகளுக்கும் எதிராக இந்தியாவில் தயாரான தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்ட் 14 அன்று ரோத்தக் நகரில் முதல் தன்னார்வலருக்கு ஊசி இட்டுத் தொடங்கியது. 19 மையங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை அதில் சேர்க்கத் திட்டமிடப்பட்டது. ஒவ்வொருவரையும் ஈராண்டு கண்காணிப்பதும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது.